மலை தப்பா இருக்கு

சுவீடனின் மேற்குக் கடற்கரையில் நான் வாழும் சிற்றூரில், பழைய மரவீடுகளின் சன்னல்களுக்கு வெளியே ஒரு சிறிய கண்ணாடி பொருத்தப்பட்டிருக்கும். ஸ்க்வாலர்ஸ்பேகல் என்பார்கள், வம்புக் கண்ணாடி என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். உள்ளே நாற்காலியில் அமர்ந்தபடியே வாசலில் நிற்பவரைப் பார்த்துவிடலாம். நிற்பவருக்கு நாம் தெரியமாட்டோம். கதவைத் திறப்பதா வேண்டாமா என்று அவர் அறியாமலே முடிவு செய்துகொள்ளலாம். திருவண்ணாமலையில், வாசலில் நிழல் விழுந்ததுமே “யாரு அது, உள்ள வாங்க” என்று குரல் எழும் தெருவொன்றில் வளர்ந்த எனக்கு, முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த ஏற்பாடு கூச்சமளிக்கிறது. என் மனைவி சுமதிக்கு அது பிடித்திருந்தது. “தபால்காரர் வலப்பக்கமா வர்றாரு” என்பாள். நான் எழுந்து போனால் அவர் இடப்பக்கமிருந்து வந்துகொண்டிருப்பார். கண்ணாடி மாற்றிக் காட்டும் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. என்னை எழுந்து நடக்கவைப்பதற்கு அது அவளுடைய வழி.

மூன்று குளிர்காலங்களுக்கு முன், டிசம்பர் மாதத்து நண்பகல் ஒன்றில், பின்னோக்கி வந்த பனி அகற்றும் வண்டி சுமதியை வீழ்த்தி, அவள்மீது ஏறி நின்றது. ரொட்டி வாங்கப் போனவள். பையிலிருந்த ரொட்டி நசுங்காமல் என்னிடம் வந்து சேர்ந்தது. மருத்துவர் நொறுங்கிய எலும்புகளின் பெயர்களை இலத்தீனில் வரிசையாகச் சொன்னார். நான் நிலவியல் பேராசிரியன். பாறைகள் எந்த அழுத்தத்தில் எப்படிப் பிளக்கும் என்று முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவன். நல்ல மாணவனைப் போலத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டேன். வண்டியை ஓட்டியவர் பெயர் லார்ஸ், ஐம்பது வயதைத் தாண்டியவர். அவர்மீது குற்றமில்லை என்று காவல்துறை சொன்னது. அவர் மூன்று முறை எங்கள் வாசலுக்கு வந்தார். மூன்று முறையும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். மூன்று முறையும் நான் அவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருந்தேன்.

சுமதி இருந்தபோது என் பழைய நெகட்டிவ்களை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள். திருவண்ணாமலையில் மாணவனாகக் கள ஆய்வு செய்த காலத்துக் கறுப்பு வெள்ளைப் பிலிம்கள். துண்டு துண்டாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றும் ஓர் உறையில். பிலிமுக்கு முன்புறமும் பின்புறமும் உண்டு. மாற்றி வைத்தால் படம் இடவலம் புரண்டுவிடும். எந்தப் பக்கம் மேலே இருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக, ஒவ்வோர் உறையின் மூலையிலும் தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருந்தாள். அவள் போனபின் அந்தச் சிவப்புப் புள்ளிகளை என்னால் காண முடியவில்லை. எல்லாவற்றையும் உரித்தெடுத்து, அவள் நாற்காலிக்கு அருகிலிருந்த சன்னலில் வரிசையாக ஒட்டிவிட்டேன். பிறகுதான் ஸ்கேனரின் முன் அமர்ந்தேன். பகலை எப்படியாவது கடத்தவேண்டியிருந்தது. கடைப்பலகையோ பேருந்தோ உள்ள படங்களில் எழுத்துகளைக் கொண்டு பக்கத்தைச் சரிபார்த்தேன். வெறும் வயலும் பாறையும் உள்ள துண்டுகளை அப்படியே வைத்தேன். பிலிமின் ஓரத்து எண்களையாவது பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஊரின் பழைய படங்களைப் பகிர்ந்துகொள்ளும் முகநூல் குழு ஒன்றில் அவற்றை ஒவ்வொன்றாக இட்டேன். ஒரு படம் அடி அண்ணாமலையில் எடுத்தது. மலைக்கு மேற்கே, கிரிவலப் பாதையை ஒட்டிய சிற்றூர் அது. ஒரு கிணறு, அதன் கரையில் நடப்பட்ட ஒரு கல், குடத்தை இடுப்பில் வைத்து நிற்கும் ஒரு பெண், பின்னால் ஐப்பசி மேகம் மூடிய மலை, உச்சி தெரியாமல், சரிவுகள் மட்டும் மங்கலாக. கிணற்றுச் சுவரின் பாறைப் பிளவுகளுக்காக நான் எடுத்த படம். மற்றவை தற்செயலாகச் சட்டகத்துக்குள் வந்தவை. இட்ட மறுநாள் அதன்கீழே ஒருவர் எழுதியிருந்தார்: “சார், இது எங்க கெணறு. கொடத்தோட நிக்கறது எங்க அம்மா. செத்து இருபது வருசம் ஆவுது. எங்க கிட்ட அவங்க போட்டோ ஒண்ணுகூட இல்ல.”

அவர் பெயர் தனசேகர். வேங்கிக்காலில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அன்று தொடங்கி ஞாயிறுதோறும் அழைத்தார். நாற்பதாண்டுகளில் உறவினர் எவரும் என்னிடம் கேட்காதவற்றையெல்லாம் அவர் கேட்டார். “சார், உங்க ஊருல மூணு மணிக்கே இருட்டிடுமாமே? கரண்டு பில்லு ஜாஸ்தி வருமே!” என்றார் ஒருமுறை. “சமையல் யாரு? நீங்களேவா? உப்பு கம்மியா போட்டுக்கோங்க, வயசாவுது இல்ல?” ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலையைத் தம் கைபேசியில் எடுத்து அந்தக் குழுவில் இட்டார். லார்ஸைப் பற்றி இவ்வுலகில் நான் அவரிடம் மட்டுமே சொன்னேன். அவர், “அந்தாளு பாவம் சார். நீங்களும் பாவம்” என்றார். அதற்கு மேல் அறிவுரை ஏதும் சொல்லவில்லை. அதற்காகவே அவரை நேசித்தேன். தம் தாயின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டமிட்டு மாட்டினார். நானும் அதே படத்தை அச்சிட்டு, சுமதியின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரில் மாட்டினேன். இரு நாடுகளில் இரு சுவர்களில் ஒரே கிணறு.

அந்தக் கிணற்றுக்கு ஒரு முன்கதை உண்டு. நான் படமெடுத்த அன்று, தலையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் என் கேமராவை வேடிக்கை பார்க்க வந்தார். தனசேகரின் தந்தை. கட்டில் இரத்தம் ஊறிக் காய்ந்திருந்தது. என்ன ஆயிற்று என்றேன். “எங்க அண்ணன் கடப்பாரையால போட்டான். இந்தக் கல்ல எங்க நடறதுன்னு சண்டை. இப்ப இன்னா, நட்டாச்சு, ரெண்டு பேரும் ஒண்ணாதான் களி துன்னறோம்” என்று சிரித்தார். அண்ணனுக்குத் தென்பாதி, தம்பிக்கு வடபாதி. நடுவில் அந்தக் கல். பத்திரம் எழுதவில்லை, கூட்டுப் பட்டாவாகவே விட்டுவிட்டார்கள். பிற்பாடு இருவரும் இறந்தனர். பக்கத்து நிலங்களில் மனை போட்டபோது, மண்ணைச் சமன்செய்த இயந்திரம் அந்தக் கல்லையும் வாரிக்கொண்டு போயிற்று. கிணறு மட்டும் எஞ்சியது. கல்லுக்கு வடக்கே கிணறு இருந்ததென்றால் அது தனசேகருடையது. தெற்கே என்றால், பெரியப்பன் மகன் ஏழுமலையுடையது. ஊரில் பாதிப் பேர் அப்படி என்றார்கள், பாதிப் பேர் இப்படி என்றார்கள்.

எட்டு மாதம் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த தனசேகர், ஒரு ஞாயிறன்று அவள் காலடியைப் பார்த்தார். “சார்! அம்மா கால்கிட்ட பாருங்க. கல்லு! கெணத்துக்குத் தென்னண்ட இருக்குது!” படத்தின் பெரிய வடிவத்தையும் ஒரு கடிதத்தையும் கேட்டார். பத்து நிமிடத்தில் அனுப்பினேன். ‘இப்படம் என்னால் கிழக்கு நோக்கி எடுக்கப்பட்டது, இதில் எவ்வித மாற்றமும் செய்யப்படவில்லை’ என்று எழுதி, பெயருக்கு முன் முனைவர், பேராசிரியர் என்ற இரண்டையும் சேர்த்துக் கையொப்பமிட்டேன். ஊரைவிட்டுப் போனவனிடம் ஊர் ஒன்றைக் கேட்டுவிட்டால் அவன் கொள்ளும் மகிழ்ச்சியைப் புலம்பெயர்ந்தோர் அறிவார்கள். அந்த மகிழ்ச்சியோடு கையொப்பமிட்டேன்.

மாரியம்மன் கோயில் எதிரே பஞ்சாயத்துக் கூடியது. நடந்ததை மாலையில் தனசேகரே விவரித்தார். என் கடிதத்தை உரக்கப் படித்தார்களாம். படம் கைக்குக் கை சென்றதாம். ஏழுமலை அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது தப்பு. மலை தப்பா இருக்கு” என்றானாம். கூட்டம் வெடித்துச் சிரித்ததாம். “மலை எப்பிட்றா தப்பா இருக்கும்? காலையிலயே ஊத்திக்கினியா?” என்றாராம் ஒருவர். “அண்ணாமலையாரே தப்புன்றான்பா! நாளைக்கு சூரியன் மேக்கால மொளைக்குதும்பான்” என்று தனசேகர் சொல்ல, ஏழுமலையின் வீட்டாரே வாயைப் பொத்திக்கொண்டார்களாம். “அவனுக்குச் சொல்லத் தெரியல சார். தப்பா இருக்கு, தப்பா இருக்குன்னு அதையே சொல்லிக்கினு நின்னான். அழுதுட்டான்.” தனசேகர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலை, மோட்டார் போடுவதற்குக் கிணற்றண்டை போன தனசேகரை ஏழுமலை கொடுவாளால் வெட்டினான். பக்கத்து மனையில் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மாடியிலிருந்து எவரோ அதைப் படமெடுத்தார். மலைப் படங்கள் வந்துகொண்டிருந்த அதே குழுவில், ஒரு பௌர்ணமிப் படத்துக்குக் கீழே, அந்தக் காணொளியும் வந்தது. என்னவென்று அறியாமல் திறந்தேன். முதல் வெட்டு தோளில் விழுந்தது. தனசேகர் ஓடவில்லை, திரும்பி, ஏதோ விளக்கம் சொல்லப்போவதுபோல் கையைத் தூக்கினார். இரண்டாவது வெட்டு அந்தக் கையில். விரல்கள் தனியே விழுந்ததைக் கண்டேன். மூன்றாவது கழுத்தில். அதன்பின்னும் ஏழுமலை நிறுத்தவில்லை. விறகு பிளப்பவனைப் போல, ஒரே சீராக, சினமே இல்லாதவனைப் போல வெட்டினான். படமெடுப்பவரின் மூச்சு இரைவது கேட்டது. நான் திரையைத் தொட்டு நிறுத்தினேன்.

நிறுத்திய காட்சியில் தனசேகர் மண்டியிட்டிருந்தார். அவரைப் பார்க்க முடியாமல் என் கண்கள் பின்னால் போயின. அங்கே மலை இருந்தது, மேகமின்றி, முழுதாக. இடப்பக்கம் சட்டென்று இறங்கி, வலப்பக்கம் நீண்டு சரிந்தது. தலை நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். சுவரிலிருந்த மலை இடப்பக்கம் நீண்டு சரிந்தது. எவ்வளவு நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேனென்று தெரியாது. பிறகு பரணிலிருந்து களக் குறிப்பேட்டை எடுத்தேன். எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் திசை குறிப்பது எங்கள் துறையின் முதல் பாடம். இருபத்திரண்டு வயதில் நான் எழுதியிருந்தேன்: ‘பதினான்காம் சட்டகம். கிழக்கு நோக்கி. கிணற்றுச் சுவர்ப் பிளவுகள். எல்லைக்கல் கிணற்றின் வடகரையில்.’ கிழக்கு நோக்கி நிற்பவனுக்கு வடக்கு இடப்பக்கம். சுவரிலிருந்த படத்தில் கல் வலப்பக்கம் இருந்தது. கிணறு ஏழுமலையுடையது. அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொன்னவன் அவன் ஒருவனே.

மறுநாள் பக்கத்து வீட்டு மூதாட்டி இங்கிரிட் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சுவீடிய மொழியில் துக்கத்தைச் சொல்ல எனக்கு இன்னமும் வராது. ஊரிலுள்ள நண்பர் ஒருவருக்கு ஒரு படத்தை இடவலம் மாற்றி அனுப்பிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, இங்கே எல்லாரும் ஆறுதலுக்குச் சொல்லும் சொற்களைச் சொன்னார்: “அதனால் யாரும் செத்துவிடவில்லையே.”

ஒரு மாதம் கழித்து நெகட்டிவையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போனேன். மலையைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ போனபோது, ஒவ்வொரு வளைவிலும் அது தன் வடிவத்தை மாற்றிக்கொண்டே வந்தது. அடி அண்ணாமலையில் தனசேகரின் மனைவி செல்வியே கதவைத் திறந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். சுவரில் தனசேகரின் படம் மாலையோடு. அதன் அருகே அவர் தாய், குடத்தோடும் கிணற்றோடும் கல்லோடும். சொல்லவேண்டியதைச் சொன்னேன். பிலிம், பக்கம், குறிப்பேடு. வகுப்பெடுப்பதைப் போலத்தான் என்னால் சொல்ல முடிந்தது.

செல்வி படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எங்க மாமியாரு எடது இடுப்புலதான் கொடம் வெப்பாங்க சார்” என்றார். “போட்டோ வந்த அன்னிக்கே பார்த்தேன், வலது பக்கம் இருந்துது. இன்னாவோ தப்புன்னு தோணுச்சு. அவரு அவ்ளோ சந்தோசமா இருந்தாரு. சொல்லல.”

“தனசேகருக்குத் தெரியுமா?”

“கேக்கல. கேக்காம இருந்ததுக்குத்தான் இப்ப இப்பிடி ஒக்காந்துனுகீறேன்.” பிறகு, “இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவரு செத்தது செத்ததாவே இருக்கட்டும். பொய்க்குச் செத்தாருன்னு ஆக்காதீங்க” என்றார்.

“நாளைக்கு ஏழுமலையோட வக்கீல்கிட்ட குடுக்கப்போறேன்மா. முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்.”

அவர் எழுந்தார். மாமியாரின் படத்தை ஆணியிலிருந்து கழற்றி, என் காலடியில் ஓங்கி அடித்தார். கண்ணாடி தெறித்து என் புறங்காலைக் கிழித்தது. “கெளம்புங்க” என்றார். நான் எழுந்து வாசலுக்குப் போனபோது, பின்னாலிருந்து குரல் வந்தது. “உங்க வீட்டம்மா மேல வண்டிய ஏத்துனவன் மூணு வாட்டி வந்து நின்னானாமே. எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. நீங்க தொறந்தீங்களா? நீங்க யாருன்னு எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் தொறந்தேன்.”

இரத்தம் செருப்பில் வழுக்க, கிணற்றைக் கடந்து ஏழுமலையின் வீட்டுக்கு நடந்தேன். தனசேகரின் உறவினர்கள் அதை ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தார்கள். ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. வைக்கோல் போர் இருந்த இடத்தில் கரிய வட்டம். பால் கொடுத்துக்கொண்டிருந்த எருமையின் பின்னங்கால் நரம்புகளை வெட்டியிருந்தார்கள்; அது எழ முடியாமல் நான்கு நாள் கத்திச் செத்ததாம். ஏழுமலையின் மனைவி அஞ்சலை சுவரோரம் அமர்ந்திருந்தார். அவரிடமும் அதையே சொன்னேன். கிணறு உங்களுடையது, உங்கள் கணவர் சொன்னது சரி என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“அன்னிக்கு அத்தனை பேரு எதுக்கால சொன்னாரு சார், மலை தப்பா இருக்குன்னு. எல்லாரும் சிரிச்சாங்க” என்றார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். “நானும்தான் சிரிச்சேன். என்னத்தான் திரும்பிப் பார்த்தாரு.”

மறுநாள் ஏழுமலையின் வழக்கறிஞர் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “கொலைக் கேஸுல இது நமக்கே எதிராத் திரும்பும் சார். ‘இவனுக்குக் காரணம் இருந்துது’ன்னு அரசுத் தரப்பு எடுத்துக்குவாங்க. கெணத்துக்கு வேணா ஆவும்” என்றார். ஆகட்டும் என்று கொடுத்தேன். குறிப்பேட்டையும் கொடுத்தேன். எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில் இம்முறை பெயரை மட்டும் போட்டேன். அன்று மாலையே அந்தக் குழுவில் படத்தைச் சரியான பக்கம் திருப்பி இட்டு, முன்னது என் பிழை என்று எழுதினேன். பலர் இதயக்குறி போட்டார்கள். “அருமையான பதிவு ஐயா” என்றார் ஒருவர். செல்வி எதுவும் எழுதவில்லை. இனி எழுதவும் மாட்டார்.

சுவீடன் திரும்பி ஆறு வாரமாகிறது. புறங்காலில் வடு இருக்கிறது. சுவரில் இன்னமும் பழைய படம்தான் இருக்கிறது. சரியான படத்தை அச்சிட்டு அதன் இடத்தில் மாட்டிப் பார்த்தேன். அது என் கண்ணுக்கு அந்நியமாக இருந்தது. நாற்பதாண்டு பாராதிருந்த மலையைவிட, ஓராண்டு பார்த்த பிழை பழகிவிட்டிருந்தது. மீண்டும் பழையதையே மாட்டினேன். நேற்று காலை சுமதியின் நாற்காலியில் அமர்ந்து, சன்னலைத் திறந்து, பொட்டுகளின் வரிசைக்கு அப்பால் கையை நீட்டி, வம்புக் கண்ணாடியை உள்பக்கமாகத் திருப்பினேன். திருகு துருப்பிடித்திருந்தது, அடித்துத்தான் திருப்பவேண்டியிருந்தது. கண்ணாடிக்குள் என் பின்னாலிருந்த சுவர் வந்தது. மலை சரியான பக்கம் சரிந்தது. கல் வடகரையில் நின்றது. தனசேகரின் தாய் இடது இடுப்பில் குடத்தோடு நின்றாள். அவளுக்கு முன்னால், வகிடு பக்கம் மாறிய தலையோடு, ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். தெரு மட்டும் அதில் இல்லை.

அப்போது வாசல் மணி அடித்தது. தபால்காரராக இருக்கலாம், இங்கிரிட்டாக இருக்கலாம், தொப்பியைக் கையில் வைத்திருப்பவராகவும் இருக்கலாம். பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. “யாரு அது, உள்ள வாங்க” என்று தமிழில் குரல் கொடுத்துவிட்டு, கதவைத் திறக்க எழுந்தேன்.